ரமலானில் கெய்ரோ: இரவைப் பார்க்கப் போங்கள்

எகிப்துக்கு எப்போது போகலாம் என்று பயண முகவர்களைக் கேட்டால் இரண்டு அறிவுரை கிடைக்கும். அக்டோபரிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள், வெயில் தாங்கும் என்பது ஒன்று. ரமலானில் மட்டும் போய்விடாதீர்கள், எல்லாம் மூடிக் கிடக்கும் என்பது மற்றது. இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிப்பது இனி லேசில்லை. இஸ்லாமிய ஆண்டு பிறைக் கணக்கு; 354 அல்லது 355 நாள்தான். அதனால் நோன்பு மாதம் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் நகர்கிறது. 2015ல் ஜூன் பாதியில் தொடங்கிய ரமலான், 2025ல் மார்ச் முதல் தேதிக்கு வந்துவிட்டது. 2027ல் பிப்ரவரி. 2028ல் ஜனவரிக் கடைசி. 2030ல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று ஒரே ஆங்கில வருடத்தில் இரண்டு ரமலான் பிறக்கப்போகிறது. 2035 வரைக்கும் நோன்பு வருவது நமக்குத் தோதான அந்தக் குளிர் மாதங்களில்தான். எகிப்து, மொராக்கோ, ஜோர்டான், ஓமன் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

ஆகவே ரமலானில் போனால் எப்படிப் போவது என்று யோசிப்பதுதான் புத்திசாலித்தனம். என் பதில் சுருக்கமானது: போங்கள், ஆனால் கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போங்கள். கெய்ரோ அந்த மாதம் மூடிக் கிடப்பதில்லை. பகலில் செய்கிறதையெல்லாம் இரவுக்கு ஒத்திப்போடுகிறது. இது தெரியாமல் காலை 10 மணிக்கு ஓட்டலை விட்டுக் கிளம்பி, மாலை 6 மணிக்குக் களைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிற சுற்றுலாப் பயணிதான், ‘ஊரே செத்துக் கிடந்தது’ என்று ஊருக்கு வந்து சொல்கிறார்.

பகல்: சீக்கிரம் எழுந்தவருக்கே பிரமிடு

பகலுக்கு உரியதைப் பகலில் முடிப்போம். ரமலானில் எகிப்தின் தொல்லியல் இடங்களுக்கு நேரம் குறைக்கிறார்கள். அருங்காட்சியகங்களும் பிரமிடு வளாகமும் வழக்கத்தைவிட முன்னதாக, பல இடங்களில் பிற்பகல் 3 மணி வாக்கிலேயே கதவைச் சாத்தத் தொடங்கிவிடும். சாத்தும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே சீட்டுக் கொடுப்பது நின்றுவிடலாம். வருடத்துக்கு வருடம் இது மாறும். முதல்நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

காலை 8 மணிக்குப் பிரமிடுகள் நிற்கும் கீஸா மேட்டில் இருப்பவருக்கு இதில் நஷ்டமே இல்லை. ராத்திரி விழித்து, ஸஹர் என்ற விடியலுக்கு முந்தைய உணவு உண்டு, சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகையும் முடித்துப் படுத்த ஊர் இன்னும் எழுந்திருக்காது. ஒட்டகக்காரர்கள்கூட அரைத் தூக்கத்தில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் பத்து அடிக்கு ஒருவர் வழிமறிக்கும் இடத்தில் இது சாதாரண நிம்மதியல்ல. 2025 நவம்பரில் முறைப்படித் திறக்கப்பட்ட மாபெரும் எகிப்திய அருங்காட்சியகம் அங்கிருந்து பக்கம்தான். துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இரண்டையும் பிற்பகலுக்குள் பார்த்துவிடலாம். பிறகு திரும்பி வந்து தூங்குங்கள். ரமலானில் பிற்பகல் தூக்கம் சோம்பேறித்தனம் இல்லை. இரவு 2 மணிக்கு விழித்திருக்க வேண்டுமே!

சாப்பாடு? இதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. நோன்பு வைக்காதவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஓட்டல்கள், சுற்றுலாப் பகுதி உணவகங்கள், சங்கிலித் தொடர் துரித உணவுக் கடைகள் பலவும் பகலில் இயங்கும். தெருமுனைக் கடைகளும், சோறும் பருப்பும் மாக்கரோனியும் தக்காளிச் சாறும் கலந்து தருகிற கோஷரிக் கடைகளும்தான் பெரும்பாலும் சாயங்காலம் வரை அடைத்திருக்கும். பையில் கொஞ்சம் பேரீச்சையும் தண்ணீரும் வைத்துக்கொண்டு, தாகம் எடுத்தால் ஒரு ஓரமாக, சுவரைப் பார்த்துத் திரும்பிக் குடித்துவிட்டுப் போகலாம். யாரும் முறைக்கமாட்டார்கள். நடுத்தெருவில் சிகரெட்டை ஊதிக்கொண்டு போனால் முறைப்பார்கள். முறைப்பதில் நியாயமும் இருக்கிறது: எதிரே நிற்கும் போக்குவரத்துக் காவலர் விடிகாலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்திருக்கமாட்டார்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. குவைத்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ரமலான் பகலில் பொது இடத்தில் உண்பவருக்கு 100 தினார் வரை அபராதமும் ஒரு மாதம் வரை சிறையும் விதிக்கிறது. யார் எந்த மதம் என்ற பேச்சே அதில் இல்லை. மொராக்கோவின் தண்டனைச் சட்டம் 222ஆம் பிரிவு முஸ்லிம் என்று அறியப்பட்டவரை மட்டுமே பிடிக்கும். முஸ்லிம் அல்லாத பயணிக்கு அது பொருந்தாது. துபாயில் 2021 முதல் உணவகங்கள் திரைபோட்டு மறைக்க வேண்டிய கட்டாயமில்லை. இஸ்தான்புல்லில் தேநீர்க் கடைகள் பகலிலும் நடக்கும். எகிப்தில் பொது இடத்தில் சாப்பிடுவதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் கிடையாது. ஆனால், பகிரங்கமாக நோன்பை முறிப்பது தனிமனிதச் சுதந்திரத்தில் சேராது, அது ஒழுங்கீனம் என்ற கருத்தை அந்நாட்டு மார்க்கத் தீர்ப்பு மன்றமான தாருல் இஃப்தா 2016ல் வெளியிட்டு, அதன்மேல் பெரிய வாக்குவாதமே நடந்தது. அந்தச் சண்டை எகிப்தியர்களுக்குள். மதுவும் அப்படியே. ரமலானில் எகிப்தியக் குடிமக்களுக்கு மது விற்பதில்லை. சில ஓட்டல்களில் வெளிநாட்டுக்காரருக்குக் கிடைக்கும். ஒரு மாதம் இல்லாமல் இருந்துவிட்டுப் போவதில் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பயணிக்கு நோன்பிலிருந்து விலக்களித்திருப்பது திருக்குர்ஆனே. நோன்பைக் கடமையாக்குகிற இரண்டாம் அத்தியாயத்தின் அதே வசனங்கள், நோயாளியும் பயணத்தில் இருப்பவரும் வேறு நாட்களில் அதைக் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுகின்றன. முஸ்லிம் பயணிக்கே இந்தச் சலுகை இருக்கும்போது, நீங்கள் பட்டினி கிடக்க வேண்டும் என்று எந்த எகிப்தியரும் எதிர்பார்ப்பதில்லை. ‘நான் முஸ்லிம் இல்லை’ என்று தயங்கிச் சொன்னால், எதிரில் இருப்பவரே தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டுவதுதான் அங்கே சாதாரணமாக நடக்கிறது.

நம்மூர்ச் சைவக்காரர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. எகிப்தில் கோப்து கிறிஸ்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஈஸ்டருக்கு முன் 55 நாள் அவர்களும் நோன்பு. இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் தொடமாட்டார்கள். 2025லும் 2026லும் இந்தப் பெருநோன்பும் ரமலானும் ஒரே காலத்தில் வந்தன. ஒரே மாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டார் பகலில் உண்பதில்லை, பக்கத்து வீட்டார் கறி உண்பதில்லை. கடையில் ‘ஸியாமி’ என்று கேட்டுப் பாருங்கள்: கோப்து நோன்புக்கு உகந்த, பாலும் முட்டையும்கூடக் கலக்காத பண்டம் கிடைக்கும்.

பாங்குக்கு முந்தைய ஒரு மணி நேரம்

கெய்ரோவின் ரமலான் நாளில் மோசமான நேரம் எது என்றால், சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். அலுவலகம் விட்டவர், கடை பூட்டியவர், மாமியார் வீட்டு விருந்துக்குக் குடும்பத்தோடு கிளம்பியவர் என்று ஒரு கோடிக்கு மேல் ஜனம் உள்ள நகரம் ஒரே நேரத்தில் வீட்டை நோக்கி ஓடுகிறது. பட்டினியைவிட, காலையிலிருந்து சிகரெட் இல்லாததுதான் ஓட்டுநர்களை அதிகம் படுத்துகிறது. ஹாரன், வசவு, உடனே ‘நான் நோன்பாளி, விடப்பா’ என்று ஒரு தணிவு, மறுபடி ஹாரன். அந்த நேரத்தில் டாக்ஸி பிடிக்காதீர்கள். பிடித்தாலும் பேரம் பேசாதீர்கள்.

அப்படி ஒரு டாக்ஸியில் அக்டோபர் 6 பாலத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். நைலைத் தாண்டிச் சுமார் 20 கிலோமீட்டர் நீளும் மேம்பாலம் அது. அதன் பெயரில் இருக்கும் தேதிக்கும் ரமலானுக்கும் சம்பந்தம் உண்டு. 1973 அக்டோபர் 6 அன்று எகிப்தியப் படை சூயஸ் கால்வாயைக் கடந்தது; பிறைக் கணக்கில் அது ரமலான் பத்தாம் நாள். ஆங்கிலத் தேதிக்கு ஒரு பாலமும் ஒரு நகரமும் பெயராக, ரமலான் தேதிக்குத் தனியே ஒரு தொழில் நகரமே எழுந்தது. நான் இந்தியன் என்று தெரிந்ததும் ஓட்டுநர் கேட்ட முதல் கேள்வி அமிதாப் பச்சனைப் பற்றி. கெய்ரோவில் ஒரு தலைமுறைக்கே இந்தியா என்றால் அமிதாப்தான். பழைய படங்களை அவ்வளவு பார்த்திருக்கிறார்கள்.

வானொலியில் ஷேக் முஹம்மது ரிஃபாத் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். 1934ல் எகிப்திய வானொலி தொடங்கியபோது முதலில் ஒலித்த ஓதல் அவருடையது. 1950ல் இறந்துவிட்டார். இன்றைக்கும் ரமலானில் மஃக்ரிப் என்ற அந்தித் தொழுகைக்கு முன்னால் எகிப்தியர்களுக்கு அந்தக் கரகரத்த பழைய ஒலிப்பதிவு வேண்டும். குர்ஆன் ஓதுகிறவர்கள் இன்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள்; ஆனாலும் ரிஃபாத்தின் குரல் கேட்டால்தான் நோன்பு திறக்க மனம் வரும் என்கிறவர்கள் ஏராளம். அந்தக் குரல் நின்று பாங்கு தொடங்கியதும் ஒரு பையன் எங்கள் கார் ஜன்னலுக்குள் கையை விட்டான். ஒரு சிறிய பிளாஸ்டிக் பையில் மூன்று பேரீச்சை, ஒரு குவளை தமர் ஹிந்தி. நம் புளியைக் கரைத்துச் சர்க்கரை போட்ட அதே பானம்தான். வெயிலுக்கு நம் வீடுகளிலும் கரைப்பதுண்டு. பையன் காசு வாங்கவில்லை, நின்று நன்றியும் கேட்கவில்லை, அடுத்த காருக்கு ஓடிவிட்டான். நோன்பு திறக்க உதவியவருக்கு நோன்பாளிக்குரிய அதே நன்மை உண்டு என்பது நம்பிக்கை. அதனால் நாற்சந்திக்கு நாற்சந்தி இப்படிக் கூடையோடு இளைஞர்கள் நிற்பார்கள். காருக்குள் இருப்பவர் எந்த மதம் என்று பார்ப்பதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை.

நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்க ஒரு பீரங்கியும் இருக்கிறது. 1176ல் சலாஹுத்தீன் கட்டத் தொடங்கிய கோட்டையில் அது நிற்கிறது. பெயர் ஹாஜா ஃபாத்திமா! பீரங்கிக்குப் பெண் பெயர் வந்ததற்குச் சொல்லப்படும் கதை: எகிப்தை ஆண்ட கெதிவ் இஸ்மாயில் காலத்தில் சிப்பாய்கள் பீரங்கியைத் துடைக்கும்போது குண்டு தற்செயலாக வெடித்தது, அது சரியாக மஃக்ரிப் வேளை, ஊர்மக்கள் அரசர் புதிதாகச் செய்த ஏற்பாடு என்று மகிழ்ந்தார்கள், இஸ்மாயிலின் மகள் ஃபாத்திமா அதையே வழக்கமாக்கச் சொன்னார். மம்லூக் சுல்தான் குஷ்கதம் காலத்திலேயே இப்படித் தற்செயலாக நடந்தது என்று இன்னொரு கதை. எது நிஜமோ, தற்செயல் என்பதில் மட்டும் இரண்டு கதைகளும் ஒத்துப்போகின்றன. முப்பது ஆண்டுபோல மௌனமாக இருந்த பீரங்கியை 2021ல் பழுது பார்த்து மறுபடி முழங்கவைத்தார்கள்.

தெருவில் போட்ட மேசை

கெய்ரோ ரமலானில் எதை விட்டாலும் இதை விடக்கூடாது: ‘மவாஇத் அர் ரஹ்மான்’, அருளாளனின் மேசைகள். பள்ளிவாசல் வாசலிலும் மேம்பாலத்துக்கு அடியிலும் முட்டுச் சந்துகளிலும் நீளமாக மேசை போட்டு, வழிப்போக்கர் யார் வந்து உட்கார்ந்தாலும் இலவசமாக நோன்பு திறக்கும் உணவு. 9ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன் தொடங்கியது என்று சொல்வார்கள். அவர் கட்டிய பள்ளிவாசல் கெய்ரோவில் இன்றும் நிற்கிறது. மேசையை நடத்துபவர் பணக்கார வியாபாரியாக இருக்கலாம், நடிகராக இருக்கலாம், தெருக்காரர்கள் சேர்ந்து காசு போட்டதாகவும் இருக்கலாம். கோப்து கிறிஸ்தவர்கள் நடத்தும் மேசைகளும் உண்டு.

உட்காரத் தயங்க வேண்டாம் என்று சொல்வதற்கு முன், எகிப்திய உபசாரத்தின் நெளிவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘இத்ஃபத்தல்’ (வாருங்கள், எடுத்துக்கொள்ளுங்கள்) என்பதை அவர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்வார்கள். சாண்ட்விச் கடிக்கும் ஆளைக் கடந்துபோனாலும் ‘இத்ஃபத்தல்’. அதை நம்பிக் கையை நீட்டிவிடக் கூடாது. வாய்வார்த்தையான இந்த அழைப்புக்கு அவர்களே வைத்த பெயர் ‘படகுக்காரன் அழைப்பு’: நடு ஆற்றில் போகிறவன் கரையில் நிற்பவனைச் சாப்பிடக் கூப்பிடுவது. எப்படிப் போய்ச் சேர்வது! ரமலான் மேசை இந்த வகை அல்ல. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார்கள். ஏழை வயிற்றுக்குப் போக வேண்டியதை நாம் சாப்பிடுகிறோமோ என்று மனம் உறுத்தினால், பெரிய ஓட்டல் பக்கத்து மேசையைத் தவிர்த்துக் குடியிருப்புப் பகுதியில் தெருக்காரர்கள் போடும் மேசையில் உட்காருங்கள். அங்கே விருந்தாளி வந்தால் அந்தத் தெருவுக்கே பெருமை. முடிந்தால் பாங்குக்கு அரைமணி முன்பே போய்ப் பரிமாறும் வேலையில் கை கொடுங்கள். தட்டு அடுக்குவதற்கு அரபு மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சாப்பாடு ஆடம்பரமில்லை. சோறு, தக்காளிக் குழம்பில் உருளைக்கிழங்கு, ஒரு துண்டு கோழி அல்லது இறைச்சி, ரொட்டி, ஊறுகாய். உலர்ந்த பழங்களை ஊறவைத்த ‘குஷாஃப்’. சர்க்கரைப் பாதாமி (ஆப்ரிகாட்) வற்றலைக் கரைத்த ‘கமருத்தீன்’. நம்மூர்ப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைத் தேடினால் கிடைக்காது. அந்தப் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் மணக்கும் கஞ்சி நம் கடற்கரைகளின் சொத்து. பாங்கு கேட்டதும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தலையைக் குனிவார்கள். ஏழெட்டு நிமிடம் யாரும் பேசுவதில்லை. பிறகு தேநீர் வரும், சிகரெட் புகை எழும், ஊருக்குப் பேச்சு திரும்பும்.

இந்த மேசைகளில் பிரசித்தமானது வடகிழக்குக் கெய்ரோவின் மத்தரிய்யா பகுதியில் ரமலான் 15 அன்று போடப்படுவது. சில நண்பர்கள் கூடித் தங்கள் தெருவில் ஆரம்பித்தது, இன்று சந்து சந்தாக வளைந்து பல்லாயிரம் பேர் அமரும் பந்தியாகிவிட்டது. வீடுதோறும் சமையல், சுவர்தோறும் ஓவியம், மாடிதோறும் தோரணம். வெளிநாட்டுத் தூதர்களும் வந்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். 970ல் கட்டத் தொடங்கிய அல் அஸ்ஹர் பள்ளிவாசலின் பளிங்கு முற்றத்தில் வேறொரு பந்தி: பல நாடுகளிலிருந்து படிக்க வந்த ஆயிரக்கணக்கான மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து நோன்பு திறக்கிறார்கள். இந்தோனேசியர், நைஜீரியர், தாய்லாந்துக்காரர். இலங்கையிலும் தமிழகத்திலும் பெயருக்குப் பின்னால் ‘அஸ்ஹரி’ என்று போட்டுக்கொள்ளும் மார்க்க அறிஞர்கள் படித்து வந்தது இங்கேதான்.

இலங்கை என்றதும் ஒரு கிளைக்கதை. கெய்ரோ மெட்ரோவில் ‘ஓராபி’ என்று ஒரு நிலையம் உண்டு. ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற தளபதி அஹ்மத் ஓராபியின் பெயர். 1883 முதல் 1901 வரை அவரை நாடு கடத்தி வைத்திருந்தது இலங்கையில். கொழும்பு ஸாஹிராக் கல்லூரி உருவானதில் அவருக்குப் பங்குண்டு. இலங்கை முஸ்லிம்கள் சிவப்புத் துருக்கித் தொப்பி அணியத் தொடங்கியதும் அவரைப் பார்த்துத்தான் என்பார்கள். கெய்ரோ நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

ராத்திரி 10 மணிக்கு விடிகிறது

நோன்பு திறந்ததும் அடுத்த ஒரு மணி நேரம் தெருவில் நாய்கூட இருக்காது. எல்லாரும் தொலைக்காட்சி முன்னால். வருடத்தின் பெரிய தொடர்களில் பெரும்பாலானவை எகிப்தில் ரமலானில்தான் வெளியாகும். முப்பது நாள், முப்பது அத்தியாயம் என்பது நெடுங்கால வழக்கம். விளம்பரக்காரர்களும் வருடக் காசை இங்கேதான் கொட்டுகிறார்கள். எண்பதுகளில் நெல்லி, ஷெரிஹான் ஆடிப் பாடி விடுகதை போட்ட ‘ஃபவாஸீர்’ நிகழ்ச்சிகளை நடுவயதுக்காரர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி ஏங்குகிறார்கள். மார்க்கத்தில் பிடிப்புள்ளவர்களோ, வழிபாட்டுக்குரிய மாதத்தைத் தொலைக்காட்சி விழுங்குகிறது என்று வருடாவருடம் திட்டுகிறார்கள். இரண்டும் ரமலான் சம்பிரதாயம்தான்.

இஷா, தராவீஹ் ஆகிய இரவுத் தொழுகைகள் முடிந்த பிறகுதான் நகரம் வெளியே வருகிறது. அப்போது நீங்கள் இருக்க வேண்டிய இடம் பழைய கெய்ரோ. 1092ல் எழுந்த பாப் ஸுவெய்லா வாசலுக்குத் தெற்கே கயாமிய்யா: கூடாரத் துணி தைப்பவர்களின் கூரைபோட்ட கடைவீதி. சிவப்பும் நீலமுமாக அரபு வடிவங்கள் கொண்ட துணி நகரம் முழுக்க மேசை விரிப்பாகவும் பந்தலாகவும் தொங்குகிறதே, அதன் தாய்வீடு இது. இன்று தொங்குவதில் பெரும்பாலும் இயந்திர அச்சுத் துணி. ஊசியால் துண்டுத் துணி ஒட்டித் தைக்கிற கைவினைஞர்களைக் கடைக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே தகர விளக்கு செய்பவர்கள். ‘ஃபானூஸ்’ என்ற அந்த வண்ணக் கண்ணாடி விளக்கு இல்லாமல் எகிப்தில் ரமலான் கிடையாது. 973ல் ஃபாத்திமியக் கலீஃபா அல் முயிஸ் கெய்ரோவுக்குள் நுழைந்த ரமலான் இரவில் மக்கள் விளக்கேந்தி வரவேற்றார்கள், அதிலிருந்து வந்தது என்பது வழிவழிக் கதை. சீனத்தில் செய்து பாட்டுப் பாடும் பிளாஸ்டிக் ஃபானூஸ்கள் சந்தையைப் பிடித்தபோது, 2015ல் அரசு அவற்றின் இறக்குமதிக்குத் தடை போட்டது. குழந்தைகளுக்கு என்னவோ பாடுகிற விளக்குத்தான் பிடிக்கிறது.

அங்கிருந்து அல் முயிஸ் தெரு வழியாக வடக்கே நடந்தால் மம்லூக் காலக் கட்டடங்கள் இரண்டு பக்கமும் ஒளியில் நிற்கும். கான் எல் கலீலியில் பல தலைமுறை கண்ட ஃபிஷாவி தேநீர் விடுதியில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, தெருவே தேநீர் விடுதிதான். நள்ளிரவில் கைக்குழந்தையோடு குடும்பங்கள் சுற்றும். பெண்கள் கூட்டம் கூட்டமாக, சிரித்துக்கொண்டு. தனியே போகும் பெண் பயணிக்கு ரமலான் இரவு மற்ற மாதங்களைவிடத் தைரியம் தருவது என்று போய்வந்த தோழிகள் சொல்கிறார்கள். ஆனாலும் நெரிசலில் தொல்லையே இல்லை என்று நான் எழுதினால் அது பொய்.

குனாஃபா போடுபவரை நின்று பார்க்காமல் வராதீர்கள். சுழலும் பெரிய செப்புத் தட்டின் கீழே நெருப்பு; துளையிட்ட புனலிலிருந்து மாவு நூலாக இறங்க, நொடியில் வெந்ததை அள்ளி எடுக்கிறார். நம்மூர் இடியாப்பத்தை இனிப்புக்காரரிடம் கொடுத்ததுபோல இருக்கும் அது, நெய்யிலும் சர்க்கரைப் பாகிலும் குளித்து வரும். கூடவே கத்தாயிஃப்: கொட்டைப் பருப்புப் பூரணம் வைத்து மடித்துப் பொரித்த குட்டி அப்பம். இரண்டில் எது உயர்ந்தது என்று எகிப்தியர்கள் நூற்றாண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். என் வாக்கு கத்தாயிஃபுக்கு. பேரீச்சைக் கடையில் இன்னொரு வேடிக்கை. ரகங்களுக்கு அந்தந்த வருடப் பிரபலங்களின் பெயரைச் சூட்டுவார்கள்; 2009ல் உயர்ந்த ரகத்துக்குப் பெயர் ஒபாமா. தலைவரின் மதிப்பு இறங்கினால் பேரீச்சையும் கீழ்த்தட்டுக்குப் போய்விடும்.

விடிவதற்கு முன் முஸஹ்ஹராத்தி வருவார். சிறு முரசைத் தட்டி, வீட்டுப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஸஹருக்கு எழுப்புகிறவர். கைபேசி வந்தபின் அவருக்கு வேலை இல்லை. இருந்தும் பழைய பேட்டைகளில் வருகிறார். பிள்ளைகள் தங்கள் பெயர் கேட்க வேண்டும் என்பதற்காகவே விழித்திருக்கிறார்கள். ஸஹருக்கு ஃபூல் வண்டி முன்னால் நில்லுங்கள். இரவெல்லாம் செப்புக் குடத்தில் வெந்த மொச்சைபோன்ற பயறு, சீரகம், எலுமிச்சை, எண்ணெய், சுடச்சுட ரொட்டி. மறுநாள் பகல் முழுக்கத் தாங்கும்.

பந்தலுக்கு வெளியே

இவ்வளவும் சொன்னபின் மற்றதையும் சொல்ல வேண்டும். பட்டினியின் மாதத்தில்தான் எகிப்தில் உணவுச் செலவு உச்சத்துக்குப் போகிறது. ஆடம்பர ஓட்டல்கள் ‘ரமலான் கூடாரம்’ போட்டு, ஒரு சாதாரண ஊழியரின் பல நாள் சம்பளத்தை ஒரு ஸஹருக்கு வாங்குகின்றன; அங்கே மீதமாகிக் குப்பைக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரியும். மறுபக்கம், 2024 மார்ச் 6ல், நோன்புக்குச் சில நாள் முன்பு, எகிப்து தன் நாணயத்தை மிதக்கவிட்டது. ஒரு டாலருக்கு சுமார் 31 பவுண்டாக இருந்தது ஒரே நாளில் 50ஐத் தொட்டது. அந்த வருடம் பல வீடுகளில் கொட்டைப் பருப்பு இல்லாத கத்தாயிஃப். அரிசி, எண்ணெய், சர்க்கரை போட்ட ‘ரமலான் அட்டைப்பெட்டி’க்கு வரிசையில் நின்றவர்களில் முன்பு அதைத் தானம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். பயணியின் கண்ணுக்கு அழகாகத் தெரியும் தெருமேசை, பலருக்கு அன்றைய ஒரே முழுச் சாப்பாடு. கையில் டாலரோடு போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு பேரத்தில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். முஸஹ்ஹராத்திக்கும் வண்டியோட்டிக்கும் நீங்கள் கொடுப்பது பெருநாள் துணியாகும்.

வேலை நிமித்தம் போகிறவர்கள் ரமலானைத் தவிர்ப்பதே நல்லது. அலுவலக நேரம் குறுகிவிடும், கோப்பு நகராது, ‘பெருநாளுக்குப் பிறகு பார்க்கலாம்’ என்பதே எல்லாக் கேள்விக்கும் பதில். நைல் நதிக் கப்பலில் லக்ஸர், அஸ்வான் மட்டும் போகிறவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. செங்கடல் கடற்கரை விடுதிகளில் ரமலான் நடப்பதே தெரியாமல் திரும்பி வரலாம். அதற்கு எகிப்து வரை போக வேண்டுமா என்பது வேறு விஷயம்.

மனிதர்களைப் பார்க்கப் போகிறவர் முதல் வாரத்தை விட்டு, இரண்டாம் வாரத்தில் போய்ச் சேருங்கள். முதல் சில நாள் ஊர் புது நேரத்துக்குப் பழகத் திணறும். குடும்பங்கள் உள்ளுக்குள்ளேயே கூடும். 15ஆம் நாள் மத்தரிய்யாவில் இருக்கலாம். பழைய நகரத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை ஆணுக்கும் பெண்ணுக்கும் நல்லது. ‘ரமலான் கரீம்’ என்று யாராவது சொன்னால் ‘அல்லாஹு அக்ரம்’ என்று பதில் சொல்லுங்கள், முகம் மலரும். தொழுகையில் நிற்பவரையும் இலவச மேசையில் உண்பவரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். 27ஆம் இரவு அம்ர் இப்னுல் ஆஸ் பள்ளிவாசலைச் சுற்றி லட்சக்கணக்கில் கூட்டம் வழியும். தூரத்திலிருந்து பார்த்தால் போதும். கடைசி இரண்டு நாளில் கெய்ரோக்காரர்களே பெருநாளுக்கு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ரயிலில் இடம் கிடைக்காது. அலெக்ஸாந்திரியாவுக்கோ லக்ஸருக்கோ போகும் எண்ணமிருந்தால் சீட்டை முன்கூட்டியே எடுத்துவைத்துவிடுங்கள்.